வெள்ளத் தடுப்பு

கண்மாயில் தண்ணீர் கிடக்கும். கடைமடை வயல் காய்ந்து கிடக்கும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரிக்கு இது பழகிப்போன சங்கதி. அவர் வானத்தைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வயலிலிருந்து வாய்க்காலோடு மேற்கே நடந்து, எங்கே அடைப்பு என்று பார்ப்பார். இந்தப் பழைய வித்தை இன்றைய இணையத்துக்கும் பொருந்துகிறது.

என் தங்கை வீடு திருச்சுழிக்குப் பக்கத்தில். மூத்தவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. இளையவன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். இரவில் இருவரும் கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் ஆடுவார்கள். கட்டை கட்டையாக அடுக்கி வீடு கட்டுகிற விளையாட்டு. கட்டுவது பாதி, பேசுவது பாதி. தங்கைக்கு விளையாட்டு தெரியாது. மகன் குரல் கேட்கிறதே, அதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

திடீரென்று குரல் நின்றுபோயிற்று. "மாமா, அண்ணன் சுவர் கட்டுறான். 'கேக்குதா'ன்னு எழுதி அனுப்புறான். பேச்சு மட்டும் வரலை" என்றான் மருமகன். புது ஹெட்போன் வாங்கினால் சரியாகும் என்பது அவன் கட்சி.

திருச்சுழி, 1879-இல் ரமண மகரிஷி பிறந்த ஊர். மௌனத்தாலேயே உபதேசித்த மகான் அவர். பெற்ற மனத்துக்கு அந்த மௌனம் கட்டுப்படியாகுமா?

எழுத்து போகிறது, குரல் போகவில்லை என்றால் காரணம் உண்டு. எழுத்து டி.சி.பி. என்ற முறையில் போகிறது. பதிவுத் தபால் மாதிரி. போய்ச் சேராவிட்டால் மறுபடி அனுப்புவார்கள். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பும் இதே முறைதான். டிஸ்கார்ட் போன்ற செயலிகளில் குரல் யு.டி.பி. என்ற வேறு முறையில் போகிறது. பேச்சை 20 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்கி, விநாடிக்கு ஐம்பது வீதம் அனுப்புவார்கள். தொலைந்தது தொலைந்ததுதான். பிந்தி வந்த துண்டு, பேச்சு முடிந்த பிறகு வந்த பதில்போலப் பயனற்றது.

ஆகவே வயலிலிருந்து நடக்கத் தொடங்கினோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்பது நிபந்தனை. முதலில் ஹெட்போன்: குரலைப் பதிவு செய்து கேட்டோம், நன்றாக இருந்தது. அடுத்து, மைக்கைப் பயன்படுத்தச் செயலிக்கு அனுமதி: இருந்தது. பிறகு வீட்டு இணைப்பை விட்டுவிட்டு, செல்போன் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்தோம். அண்ணன் குரல் கணீரென்று வந்தது! கம்ப்யூட்டர், செயலி, சிங்கப்பூர் மூன்றும் குற்றமற்றவை. அடைப்பு வீட்டு ரவுட்டரிலோ அதற்கு அப்பால் உள்ள கம்பியிலோதான்.

ரவுட்டரை அணைத்துப் போட்டும் பயனில்லை. அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். விஷமிகள் யு.டி.பி. துண்டுகளை வெள்ளமாக அனுப்பித் தாக்குவதைத் தடுக்க ஒரு காவல் உண்டு; 'வெள்ளத் தடுப்பு' என்றே அதற்குப் பெயர். அதன் அளவை யாரோ மிகவும் குறைத்து வைத்திருந்தார்கள். விநாடிக்கு ஐம்பது துண்டு பேச்சையே அது வெள்ளமென்று நினைத்துவிட்டது. மழைக்கு ஏங்குகிற பூமியில் வெள்ளத்துக்கு அணை! காவலை எடுத்துவிடாமல், அளவை மட்டும் உயர்த்தினோம்.

அப்புறம் அவர்கள் வீடு கட்டவே இல்லை. தங்கை மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று தொடங்கிவிட்டாள்.