பாட்டியின் பால்சுறா
(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

சென்ற ஆகஸ்டு மாதம் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிரசவத்திற்காக அவள் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். செய்தி கேட்ட மறுநாளே கோவளத்திலிருந்து அம்மாவின் அம்மாவாகிய எங்கள் பாட்டி வந்து சேர்ந்தார். ஒரு கையில் ஜெபமாலை, இடுப்பில் சுருக்குப்பை, வாயில் ஒரே பேச்சு: “பால்சுறா வாங்கியாச்சா?”

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுத்தால் பால் நன்றாகச் சுரக்கும் என்பது நம் கடற்கரை ஊர்களில் காலங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. ஆங்கிலத்தில்கூட அம்மீனுக்கு ‘மில்க் ஷார்க்’ என்றுதான் பெயர். அந்தப் பெயருக்குக் காரணமே இந்தியாவில் நிலவும் இந்த நம்பிக்கைதானாம்!

பாட்டி புட்டு செய்வதைப் பார்ப்பதே ஒரு அழகு. சுறாத் துண்டுகளை மஞ்சள் போட்டு வேகவைத்து, மணல்தாள் போலச் சொரசொரக்கும் தோலை உரித்து, சதையை உதிர்த்து, அதிலுள்ள நீரை ஒட்டப் பிழிவார். கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, பச்சைமிளகாய், சின்ன வெங்காயம் எல்லாம் அளவோடுதான் விழும். பூண்டுக்கு மட்டும் அளவு கிடையாது. இரண்டு கை நிறைய. அன்று அப்பா மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த துண்டுகள் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டளவு அகலம். பாட்டி அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா முதல் கவளத்தை எடுக்கும்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “பாட்டி, சுறாவில் பாதரசம் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிகளும் பால் கொடுப்பவர்களும் சாப்பிடவே கூடாது. குழந்தையின் மூளையைக் கெடுத்துவிடும்.”

வீடே அமைதியாயிற்று. “நாலு பிள்ளை பெத்தேன். நாலுக்கும் இதைத்தான் தின்னேன். உங்கம்மா கணக்கு டீச்சரா இருக்கா. எந்த மூளை கெட்டுப்போச்சு?” என்று கேட்ட பாட்டி, தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் வைத்துவிட்டார். அன்று பாட்டியும் சாப்பிடவில்லை.

நான் சொன்னது பொய்யல்ல. எங்கள் பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிக்காகக் கன உலோகங்களைப் பற்றிப் படம் வரைந்து, ஒரு மாதம் நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதுதான். கன உலோகம் என்றால் ஏதோ தூரதேசத்துச் சமாச்சாரம் என்று தோழியர் எண்ண வேண்டாம். நம்மில் பலர் ரெயிலில் தினமும் கடந்துவரும் குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்ததே குரோம் லெதர் தொழிற்சாலையால்தான். தோல் பதனிடப் பயன்படும் குரோமியமும் ஒரு கன உலோகமே. பாதரசத்தின் கதையும் நம் மாநிலத்தில் இருக்கிறது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் செய்துவந்த தொழிற்சாலை, பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் பழைய சாமான் கிடங்கு ஒன்றில் கிடந்தது தெரியவந்ததும், 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. அங்குள்ள ஏரியின் மீன்களிலும் பாதரசம் இருந்ததை விஞ்ஞானிகள் பின்னர் கண்டறிந்தார்கள்.

நான் சிறுமியாக இருந்தபோது தெர்மாமீட்டரை உடைத்து, வெள்ளி முத்துக்களாய் ஓடிய பாதரசத்தை விரலால் துரத்தி விளையாடியிருக்கிறேன். அது ஆவியானால் நுரையீரலுக்குக் கேடு. மீனில் இருப்பதோ அந்த வெள்ளி முத்து அல்ல. நிலக்கரி எரியும்போதும் தொழிற்சாலைக் கழிவிலிருந்தும் வெளியேறும் பாதரசம் கடலில் கலக்கிறது. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை ‘மெத்தில் பாதரசம்’ ஆக மாற்றிவிடுகின்றன. அதைக் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் ஏற்கின்றன. அவற்றைச் சிறு மீன் தின்கிறது. ஆயிரம் சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது. பெரிய மீன்களைச் சுறா தின்கிறது. சேர்ந்தது எளிதில் வெளியேறுவதில்லை. சுறா பல ஆண்டுகள் வாழும் பிராணி ஆகையால், அதன் வயது ஏற ஏறப் பாதரசமும் ஏறுகிறது. அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை 1990 முதல் 2012 வரை எடுத்த கணக்கில், ஒரு கிலோ சுறாவில் சராசரியாக 0.98 மில்லிகிராம் பாதரசம், மத்தியில் 0.013, நெத்திலியில் 0.016. அதாவது மத்தியைவிடச் சுறாவில் ஏறத்தாழ 75 மடங்கு! 2004ஆம் ஆண்டிலேயே அத்துறை, கருவுற்ற தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் சுறாவைத் தவிர்க்கும்படி அறிவித்தது. மெத்தில் பாதரசம் சதையிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வது. கழுவினாலும் வேகவைத்தாலும் பாட்டி எவ்வளவு பிழிந்தாலும் போகாது. கருவாடாக்கினாலோ நீர் வற்றிப்போவதால் எடைக்கு எடை இன்னும் கூடும்.

இவையெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் இதே அக்கா, வளைகாப்பு முடிந்து கோவளம் போயிருந்தபோது பாட்டி கையால் இரண்டு தரம் சுறாப் புட்டு சாப்பிட்டிருந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

அன்றிரவு அக்கா அழுதாள். “ஜப்பான்ல என்னடி ஆச்சு? உன் படத்துல பார்த்தேனே” என்று கேட்டாள். மினமாட்டா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை 1932 முதல் பாதரசக் கழிவைக் கடலில் விட்டுவந்தது. மீனைத் தின்ற பூனைகள் வெறிபிடித்து ஆடிச் செத்தன. 1956இல்தான் அந்நோய் மனிதரிடமும் இருப்பது அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. அதன் பிறகும் கழிவு நின்றபாடில்லை. 1968 வரை ஓடியது. தாய்மார் பலர் பார்வைக்கு நன்றாகவே இருக்க, அவர்கள் வயிற்றிலிருந்த பாதரசம் நஞ்சுக்கொடி வழியே சிசுவைச் சேர்ந்து, கைகால் விளங்காத குழந்தைகள் பிறந்தன. கண்காட்சியில் இதை விளக்கியபோது எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். இருட்டில் பக்கத்தில் படுத்திருக்கும் அக்காவிடம் எப்படிச் சொல்வது? “அது வேற அக்கா” என்று மட்டும் சொன்னேன்.

காலையில் அக்கா பால் பவுடர் வாங்கி வரும்படி அப்பாவிடம் சொன்னாள். தன் பாலைக் கொடுக்கப் பயமாயிருக்கிறது என்றாள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அப்பா கடைக்குப் போகவில்லை. அக்காவை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார், நானும் போனேன்.

டாக்டரம்மா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: மினமாட்டாவில் அம்மக்கள் நஞ்சு கலந்த வளைகுடாவின் மீனை நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் உண்டவர்கள். இரண்டு வேளைப் புட்டு அதற்கு ஈடாகாது. உடம்பில் சேர்ந்த மெத்தில் பாதரசத்தில் பாதி, ஏறக்குறைய 50 நாளில் தானாகவே வெளியேறிவிடும். வயிற்றிலிருக்கும்போது குழந்தைக்குச் சேர்வதைவிடத் தாய்ப்பால் வழியே சேர்வது குறைவு. “பாலை நிறுத்துவதுதான் நீ பிள்ளைக்குச் செய்யும் பெரிய கெடுதல்” என்றார். சுறா வேண்டாம், ஆனால் மீனை அடியோடு விடாதே, சிறிய மீனாக வாரம் இரண்டு தரம் சாப்பிடு, பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அதிலுள்ள கொழுப்பு நல்லது என்றும் சொன்னார். என் பக்கம் திரும்பி, “நீதான் விஞ்ஞானியா? அடுத்த தடவை எவ்வளவு, எத்தனை நாள் என்பதையும் சேர்த்துச் சொல்லம்மா” என்றார். என் விளக்கப்படத்தில் அந்த இரண்டும் இருக்கவில்லை.

பாட்டி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, சுத்தபோசனம். மீன் வாங்கவேண்டிய நாள். மொட்டைமாடியில் குழந்தையின் துணிகளை உலர்த்திக்கொண்டிருந்த பாட்டியிடம் போய், “மன்னிச்சிடுங்க பாட்டி” என்றேன்.

பாட்டி கொஞ்ச நேரம் துணியையே உதறிக்கொண்டிருந்தார். பிறகு தன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை தொட்டுக் காட்டி, “எங்க கரையில பால்சுறான்னா இவ்வளவுதான்டி இருக்கும். முழுசா வலையிலிருந்து எடுத்துக் கொடுப்பாங்க. உங்கப்பா வாங்கி வந்தது பால்சுறாவே இல்ல. தோலைப் பார்த்ததும் தெரிஞ்சுது. மாப்பிள்ளை ஆசையா வாங்கி வந்தாரேன்னு சொல்லல” என்றார்.

எனக்குப் பளிச்சென்று ஒன்று விளங்கியது. பால்சுறா சிறிய இனம்; அதிலும் இளசு என்றால் பாதரசம் சேர ஆண்டுகளே இருந்திராது. நாங்கள் வாங்கியதோ எந்தக் கிழட்டுச் சுறாவின் துண்டோ! வெட்டிவிட்டால் எல்லாம் ஒன்றுதான். கோவளத்துக் கரையில் பாட்டியின் தாய் கொடுத்த மருந்து ஒன்று. தாம்பரத்து மார்க்கெட்டில் அதே பெயரில் கிடைப்பது வேறொன்று. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அதற்காகச் சின்னச் சுறா என்றால் பயமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சில சுறாக்களில் தாயின் பாதரசம் குட்டிக்கும் போய்ச் சேர்கிறது. பால்சுறாவும் கொடியோடு குட்டி ஈனும் மீன்தான். இதைச் சொன்னதும் பாட்டி, “அதுவும் நம்மள மாதிரிதானா?” என்று கேட்டார்.

அன்று பாட்டியும் நானும் மார்க்கெட்டுக்குப் போனோம். “பிள்ளை பெத்தவங்களுக்கா ஆயா? பால்சுறா இருக்குது, தரட்டுமா?” என்றாள் மீன்காரம்மா.

“முழுசா, வெட்டினதா?”

“வெட்டினது.”

பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கூடையோரம் மின்னிக்கொண்டிருந்த காரப்பொடியைக் கையில் அள்ளி, செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசிப் பத்து ரூபாய் குறைத்து, ஒரு கிலோ வாங்கினார். காரப்பொடிக்கும் பால் சுரக்கும் என்று அவர் சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை.

குழம்பு கொதிக்கும்போது பூண்டு உரிக்கும் வேலை எனக்கு. ஒரு கை உரித்து வைத்தேன். பாட்டி எட்டிப் பார்த்து, “இன்னொரு கை” என்றார்.