கடலுக்குப் போன எல்லை

அயர்லாந்தை இரண்டாக வெட்டும் கோடு தரையில் தெரிவதில்லை. பிரெக்ஸிட் அதைத் தேடிப்பிடித்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தது.

டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட் போகும் நெடுஞ்சாலையில் டண்டாக் நகரைத் தாண்டிச் சிறிது தூரம் போனதும் சாலையோரத்து மஞ்சள் கோடு வெள்ளையாகிறது. வேக வரம்புப் பலகைகள் கிலோமீட்டரை விட்டு மைலுக்கு மாறுகின்றன. செல்போன் சிணுங்கி வேறொரு கம்பெனியின் வரவேற்பைக் காட்டுகிறது. அவ்வளவுதான். தடுப்புக் கட்டை இல்லை. சுங்கச் சாவடி இல்லை. ஆனால் ஒரு நாடு முடிந்து இன்னொன்று தொடங்கிவிட்டது. பின்னால் இருப்பது அயர்லாந்துக் குடியரசு, ஐரோப்பிய யூனியன் உறுப்பினர். முன்னால் நியூரி நகரம், பிரிட்டனின் ஒரு பகுதியான வட அயர்லாந்து.

இந்த எல்லை சுமார் 500 கி.மீ. நீளம். அதைக் கடக்கும் சாலைகள் 200-க்கும் மேல். ஐரோப்பிய யூனியனின் கிழக்கு எல்லை முழுவதிலும்கூட இத்தனை சாலைகள் கிடையாது. குளோன்ஸ் ஊரிலிருந்து கேவன் போகும் சாலை பத்துப் பன்னிரண்டு கி.மீ. தூரத்துக்குள் நான்கு முறை நாடு மாறுகிறது. பெட்டிகோ கிராமத்தின் நடுவே ஓடும் சிறு ஆறுதான் எல்லை. பாலத்தின் ஒரு முனையில் தபால் பெட்டி பச்சை என்றால் மறு முனையில் சிவப்பு.

இது நாடுகளைப் பிரிக்கப் போட்ட கோடே அல்ல. 1921-ல் பிரிவினை நடந்தபோது பழைய மாவட்ட எல்லைகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிராட்டஸ்டண்டுகள் பெரும்பான்மையாக இருந்த வடகிழக்கின் 6 மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. மற்ற 26 தனியே போயின. கோட்டைச் சீர்செய்ய ஒரு கமிஷன் உட்கார்ந்தது. 1925-ல் அதன் முடிவு பத்திரிகையில் கசிந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அறிக்கையை மூட்டை கட்டிவிட்டார்கள். அது அச்சில் வெளிவந்தது 1969-ல். ராட்கிளிஃப் சில வாரங்களில் இழுத்த கோட்டோடு வாழும் இந்தியர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

எல்லையில் சுங்கச் சாவடிகள் வந்தது 1923-ல். வெண்ணெய், மாடு, மதுபானம் என்று கடத்தல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அது வேடிக்கைக் கதை. 1960-களின் இறுதியில் தொடங்கிய வன்முறை வேடிக்கையாக இல்லை. சிறு சாலைகளை ராணுவம் குண்டுவைத்துப் பிளந்தது, கான்கிரீட் போட்டு அடைத்தது. தெற்கு ஆர்மா குன்றுகளில் கண்காணிப்புக் கோபுரங்கள் முளைத்தன. 1979 ஆகஸ்டில் நேரோ வாட்டர் கோட்டையருகே, மறு கரையில் குடியரசின் நிலம் கண்ணுக்கெதிரே இருக்க, 18 பிரிட்டிஷ் சிப்பாய்கள் குண்டுவெடிப்பில் செத்தார்கள். முப்பது ஆண்டுகளில் மொத்த உயிர்ப்பலி சுமார் 3,500.

எல்லையை மறைய வைத்தவை இரண்டு. 1993-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை வந்ததும் சுங்கச் சாவடிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. 1998 ஏப்ரல் 10-ல் கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தம் துப்பாக்கிகளை ஓயவைத்தது. வட அயர்லாந்தில் பிறந்தவர் தன்னை பிரிட்டிஷ்காரர் என்றோ, ஐரிஷ்காரர் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம் என்றது அந்த ஒப்பந்தம். 'இந்த மண் யாருடையது' என்ற கேள்வியை அது தீர்த்துவிடவில்லை. தினமும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் வாழ வழி செய்தது.

வாழ்க்கையும் கோட்டை மறந்தது. வடக்கில் கறக்கும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதப்படுத்தத் தெற்கே போகும். டப்ளினில் காய்ச்சிய கின்னஸ் பீர், புட்டியில் அடைபட பெல்ஃபாஸ்ட் வந்து மறுபடி தெற்கே திரும்பும். தெற்கின் டனிகால் மாவட்டத்துப் புற்றுநோயாளிகளுக்குக் கதிர் சிகிச்சை வடக்கில் டெர்ரி நகர மருத்துவமனையில். வடக்கின் குழந்தைகளுக்கு இதய அறுவை டப்ளினில்.

இந்த நிலையில்தான் 2016 ஜூன் 23 வந்தது. 51.9 சதவீத வாக்குகளோடு பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேற முடிவு செய்தது. வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். டெர்ரியை உள்ளடக்கிய ஃபாயில் தொகுதியில் 78 சதவீதம். எண்ணிக்கையில் அவர்கள் பேச்சு எடுபடவில்லை. பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான தரை எல்லை இனி தங்கள் கொல்லைப்புறத்தில்தான் என்பது அவர்களுக்கு அன்றே தெரியும். லண்டனுக்குப் புரிய மாதங்கள் ஆயின.

நெடுஞ்சாலை ஓரத்தில் எல்லைவாசிகள் பழைய சுங்க அதிகாரிகளைப் போல வேடமிட்டுப் போலிச் சாவடி நடத்தினார்கள். 2019 மார்ச்சுக்குப் பிறகு இந்தச் சாலை மூடப்படலாம் என்று எச்சரிக்கும் பலகைகளை நட்டார்கள். எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. 2017 ஜனவரி முதல் மூன்று ஆண்டுகள் பெல்ஃபாஸ்டில் மாநில அரசே இல்லை. எல்லை பற்றிய பேரம் உச்சத்தில் இருந்தபோது எல்லையோர மக்களின் சட்டசபை பூட்டிக்கிடந்தது. லண்டனில் பெரும்பான்மை இழந்த தெரசா மே, வட அயர்லாந்தின் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சியின் 10 எம்.பி.க்களைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினார். அவருடைய ஒப்பந்தம் 2019 ஜனவரியில் 230 வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. மார்ச்சில் மேலும் இரண்டு முறை தோற்றது. ஒவ்வொரு முறையும் சிக்கல் அதே கண்ணுக்குத் தெரியாத கோடுதான்.

அக்டோபரில் ஒரு வழி பிறந்தது. பிரதமர் போரிஸ் ஜான்சன் அயர்லாந்துப் பிரதமர் லியோ வரட்கரை லிவர்பூல் அருகே ஒரு மாளிகையில் சந்தித்தார். வரட்கரின் தந்தை மும்பைக்காரர். பேச்சின் பலன்: எல்லை தரையிலிருந்து பெயர்ந்து கடலுக்குப் போனது. வட அயர்லாந்து சரக்கு விஷயத்தில் ஐரோப்பிய விதிகளையே பின்பற்றும். சோதனையெல்லாம் பிரிட்டனிலிருந்து வரும் கப்பல்களுக்கு. படிவம் கேட்டால் குப்பைத்தொட்டியில் போடுங்கள் என்று வியாபாரிகளிடம் சொன்னார் ஜான்சன். 2021 ஜனவரி 1 முதல் படிவங்கள் வந்தன. குப்பைத்தொட்டி உதவவில்லை.

கோபம் இப்போது இடம் மாறியது. ஸ்காட்லாந்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் கப்பல் வந்து சேரும் லார்ன் துறைமுகத்தில், சோதனை அதிகாரிகளை மிரட்டும் வாசகங்கள் சுவரில் தோன்றின. 2021 பிப்ரவரியில் ஊழியர்கள் தற்காலிகமாக விலக்கப்பட்டார்கள். ஏப்ரலில் பெல்ஃபாஸ்டில் பஸ் எரிந்தது. பிரிட்டனே தங்கள் நாடு என்று நினைப்பவர்களுக்கு, சொந்த நாட்டிலிருந்து வரும் பொருளைச் சோதனை போடுவது அவமானம். 2022 பிப்ரவரியில் யூனியனிஸ்ட்கள் அரசிலிருந்து வெளியேற, பெல்ஃபாஸ்ட் சபை மீண்டும் இரண்டு ஆண்டு முடங்கியது.

2023-ன் வின்ட்ஸர் ஏற்பாடு சிக்கலைக் கொஞ்சம் தளர்த்தியது. வட அயர்லாந்திலேயே விற்கும் சரக்குக்குப் பச்சைப் பாதை, தெற்கே போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை. 'ஐரோப்பிய யூனியனுக்கு அல்ல' என்று முத்திரை குத்திய இறைச்சியும் பாலும் கடைக்கு வந்தன. 2024 பிப்ரவரியில் மாநில அரசு உயிர்பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் கடல் எல்லையை நான்கு ஆண்டுகளுக்கு நீட்டிக்கச் சட்டசபை 48-க்கு 36 என்று வாக்களித்தது. யூனியனிஸ்ட்கள் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. ஆக, தீர்வு அல்ல, வாய்தா.

தரையில் கோடு போட்டால் ஒரு சாராருக்குக் காயம். கடலில் போட்டால் மறு சாராருக்கு. கோடே வேண்டாம் என்பதற்கு 1998-ல் கிடைத்த வழி, இரு நாடுகளும் ஒரே சந்தையில் இருந்ததால் மட்டுமே சாத்தியமானது. வாக்குச்சீட்டில் அதை யாரும் அச்சிடவில்லை.

18 சிப்பாய்கள் செத்த அதே நேரோ வாட்டர் அருகே இப்போது வேறொரு வேலை நடந்திருக்கிறது. ஒரு கரையில் தெற்கின் ஓமீத், மறு கரையில் வடக்கின் வாரன்பாயின்ட். எதிரெதிரே இருந்தும் தரைவழி போக நியூரியைச் சுற்றித்தான் வரவேண்டும். பல ஆண்டு இழுபறிக்குப் பின், டப்ளின் அரசின் பணத்தில் 2024-ல் அங்கே பாலம் கட்டத் தொடங்கினார்கள். அதன் நடுவிலும் எங்கோ ஒரு கோடு போகும். பாலத்தில் போகிறவர்கள் அதைக் கவனிக்காதவரை ஊருக்கு நல்லது.