பிணைச்சல் முறிந்த மடிக்கணினி

எமது மாணவர் விடுதியில் ஒரு மடிக்கணினி உளது. கடல் கடந்து வாழும் பழைய மாணவ அன்பர் ஒருவர் 2015 ஆம் ஆண்டில் அன்போடு அனுப்பியது. இம்மலருக்கெனக் கையெழுத்தில் வந்த கட்டுரைகளிற் பல அதிலேயே பொறிக்கப்பெற்றன. 2022 ஆம் ஆண்டிலே, ஒரு டொலருக்கு 200 ரூபா அளவில் நின்ற பெறுமதி சில மாதங்களுள் 360 ரூபாவைத் தொட்ட பின்னர், அத்தகைய பொருளொன்றைப் புதிதாக வாங்குதல் விடுதிக்குக் கனவாயிற்று.

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அதனைத் திறக்குங்கால் இடப்புறத்திற் 'படக்' என்றோர் ஓசை எழுந்தது. திரை ஒருபுறம் சாய்ந்து தொங்கிற்று. "இவனே உடைத்தான்" என்றனர் யாவரும். விடுதிக் குறிப்பேட்டில் அவன் பெயர் ஏறிற்று. தந்தையிடம் பணம் பெறுதல் வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது. அத்தந்தையார் பிறர் தோட்டத்திற் கூலிக்கு மண் கொத்துபவர். கருவியைத் திறந்து பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுக என்று யாம் வேண்டினோம்.

மடிக்கணினியின் மூடி கதவு போன்றதன்று. கதவின் பிணைச்சல் தடையின்றி ஆடவேண்டும். இதன் பிணைச்சலோ வைத்த நிலையிலேயே திரையை நிறுத்தவேண்டும். ஆதலால் உருக்கு அச்சொன்றைச் சுற்றி வளையங்களை இறுக்கிப் பூட்டி, உராய்வினாலேயே அது நிற்குமாறு செய்துள்ளனர். நிலைமொழிக்கும் வருமொழிக்கும் இடையே நிற்கும் சாரியையை ஒப்பது அது என்று எம் மாணவர்க்குக் கூறினோம்; அவர்கள் சிரித்தனர். 1982 ஆம் ஆண்டில் வெளிவந்த கிறிட் கொம்பஸ் என்னும் கணினிக்குப் பில் மொக்றிட்ஜ் என்பார் வகுத்த மடியும் வடிவமே இன்றுவரை தொடர்கின்றது. அதன் உறை மக்னீசிய உலோகத்தாலானது. எமது கருவியின் உறையோ பிளாஸ்ரிக்.

தொல்லையின் வேர் ஈங்கேயுளது. ஆண்டுகள் செல்ல மசகு வறளும், தூசி சேரும், பிணைச்சல் இறுகும். இறுகிய பிணைச்சல் தான் முறிவதில்லை. அதனைத் தாங்கும் பிளாஸ்ரிக் குமிழ்களையும் அவற்றுட் பதித்த சிறு பித்தளைச் சுரைகளையுமே பெயர்த்துவிடும்.

கடைத்தெருவில் வானொலி திருத்தும் எம் பழைய மாணாக்கர் ஒருவர் கருவிகளை இரவல் தந்தார். எம்மைத் தமிழ் கற்பிக்கவே பயிற்றினர். திருப்புளி பிடிக்க அன்று. ஆயினும் துணிந்தோம். முதலில் மின்கலத்தை அகற்றினோம். கழற்றிய ஆணிகளை எடுத்த வரிசையிலேயே தாளில் அடுக்கினான் அம்மாணவன். உறையை நீக்கியபோது மூன்று குமிழ்கள் பிளந்திருந்தன. அவற்றுள் இரண்டின் வெடிப்புகளிற் கரிய தூசி படிந்திருந்தது. ஒன்று மட்டுமே புதிதாய் வெளிறியிருந்தது. இரண்டு குமிழ்கள் முன்னமே முறிந்துவிட, எஞ்சிய ஒன்றே பாரத்தைச் சுமந்திருக்கிறது. அது அவன் கையில் விடைபெற்றது! விடுதி மேற்பார்வையாளரை அழைத்து அத்தூசியைக் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்தார்.

பின்னர் பிளவுகளை உரத்தாளால் தேய்த்து, மதுசாரத்தால் துடைத்தோம். இருகுழாய்ப் பசையைச் சம அளவிற் குழைத்துச் சுரைகளைப் பழைய இடத்திற் பதித்தோம். புரியினுட் பசை புகாதிருக்க ஆணிகளுக்கு மசகு பூசினோம். ஒரு முழுநாள் தொடவில்லை. ஆயின் பிணைச்சலை இளக்காது குமிழை மட்டும் ஒட்டுதல் வீண்வேலை. ஆதலின் அதன் முனைச் சுரையைக் காற்சுற்றுத் தளர்த்தி ஒரு துளி எண்ணெயிட்டோம். திரைக்குச் செல்லும் மெல்லிய கம்பி நசுங்காதவாறு இருத்தி, உறையை மூடினோம்.

திரை இப்போது நேராக நிற்கின்றது. மூடியை மூலையிற் பிடித்திழுக்காது, நடுவிற் பிடித்தே திறக்க வேண்டுமென ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கின்றோம். இனி அன்பளிப்பு அனுப்பும் அன்பர்கள் கூடவே ஒரு சிறு திருப்புளியையும் அனுப்புவாராயின் நன்றியுடையோம். குறிப்பேட்டிலிருந்த பெயரை மேற்பார்வையாளர் தம் கையாலேயே சிவப்பு மையினால் வெட்டினார்.