இறக்கம் கேட்கும் பல் கணக்கு

பெரிய டயர் போட்ட ஜீப்போடு பட்டறைக்கு வருகிறவர்கள் ஏற்றத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். தேர்டு கியரில் இழுக்கவில்லை, வளைவில் செகண்டுக்கு வந்தும் திணறுகிறது, கிளச் கருகின வாடை வருகிறது, ஆக்சில் கியரை மாற்றிவிடலாமா என்று கேட்பார்கள். பதிலுக்கு நான் கேட்பது இறக்கத்தைப் பற்றி. எந்த கியரில் இறங்குகிறீர்கள்? பிரேக்கில் எவ்வளவு நேரம் கால் இருக்கிறது?

கல்லாறு வழியாக வண்டி ஓட்டுபவருக்கு இந்தக் கேள்வியின் அவசியம் உடனே புரியும். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா தாண்டிக் கல்லாறு வரை சாலை ஓரளவு சாதுவாக வரும். அதன் பிறகு 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சுமார் 1100 மீட்டர் உயரத்தில் பொன்முடி. அங்கிருந்து மறுபக்கம் இறங்க வாகனச் சாலை கிடையாது. ஏறிய வண்டி அத்தனை வளைவையும் அதே வழியில் திரும்ப இறங்கியாக வேண்டும். மழைக்காலத்தில் மூடுபனியும் ஈரத் தாரும் சேர்ந்துகொள்ளும்.

ஆக்சில் கியர் என்று நாம் சொல்வது டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன் வீலையும் பினியனையும். பினியனில் 8 பல், கிரவுனில் 43 பல் என்றால் விகிதம் 5.38. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் 5.38 சுற்றுச் சுற்ற வேண்டும். கிரவுனில் 39 பல் இருந்தால் 4.88. எண் பெரிதானால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகமாகச் சுற்றும். எண் சிறிதானால் சமவெளியில் எஞ்சின் அமைதியாக ஓடும், மலையில் தவிக்கும்.

இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் விகிதம் 4.88. போர் முடிந்த 1945-இல் உழவுக்கும் பாரம் இழுக்கவும் என்று அதே நிறுவனம் சிஜே-2ஏ ஜீப்பைக் கொண்டுவந்தபோது அதை 5.38 ஆக்கியது. நம் நாட்டில் மகிந்திரா கட்டிய பழைய ஜீப்புகளிலும் அந்த 5.38-ஐப் பார்க்கலாம். வேலையை முதலில் பார்த்து, பிறகு பல்லை எண்ணியிருக்கிறார்கள். அந்த வரிசை எனக்குப் பிடிக்கும்.

டயரும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. கைப்பிடி வைத்துச் சுற்றும் கிணற்று ராட்டினத்தின் உருளையைப் பெரிதாக்கினால் ஒரு சுற்றுக்குக் கயிறு கூடுதலாக ஏறும், ஆனால் கைக்குக் கனக்கும். டயர் செய்வதும் அதுவே. பழைய ஜீப்பின் 6.00-16 டயர் ஏறக்குறைய 73.5 செ.மீ. விட்டம். ஆசைப்பட்டு மாட்டும் 7.50-16 ஏறக்குறைய 81 செ.மீ. வித்தியாசம் பத்து சதவீதம். 5.38-ஐ 1.1 ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 4.88 வரும். உழவுக்காக மாற்றிய பல்லை, டிஃப்ரன்ஷியலைத் திறக்காமலே, டயர் கடையில் வைத்துப் பழையபடி ஆக்கிவிடுகிறோம்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மணிக்கு 60 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர். சிறிய டயர் அந்த நிமிடத்தில் 433 சுற்றுச் சுற்றும். 5.38 ஆல் பெருக்கினால், டாப் கியரில் எஞ்சின் சுமார் 2330 சுற்று. பெரிய டயரில் சக்கரம் 393, எஞ்சின் சுமார் 2115. இந்த ஜீப்புகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால் அதற்கு டயர் மாறியதே தெரியாது. முள் 60 காட்டும்போது வண்டி 66-இல் போய்க்கொண்டிருக்கும். 5.38-ஐ எடுத்துவிட்டு 4.88 மாட்டினாலும் இதே பிழைதான் வரும். ஸ்பீடோமீட்டர் கியரையும் சேர்த்து மாற்றாமல் வண்டியை வெளியே விடக் கூடாது.

இறக்கத்துக்கு வருகிறேன். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் 1500 கிலோ வண்டியைக் கீழே இழுக்கும் விசை சுமார் 125 கிலோ. டயரை மாற்றியதால் அது குறையாது. குறைவது நம் பிடிப்பு. பெரிய டயரில் அதே வேகத்துக்கு எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் எஞ்சினின் தடை முதலிலேயே தளர்கிறது. மிஞ்சிய தடையும் பெரிய ஆரத்தின் வழியாகத் தரைக்கு வரும்போது இன்னொரு பத்து சதவீதம் கரைகிறது. ஏற்றத்தில் ஒரு முறை இழப்பதை இறக்கத்தில் இரண்டு முறை இழக்கிறோம். டிரம் பிரேக்குக்கும் இதே கதி. பெடலில் அதே அழுத்தம் கொடுத்தாலும் தரையில் கிடைக்கும் நிறுத்து விசை பத்து சதவீதம் குறைவு. அதை ஈடுகட்ட ஓட்டுநர் இன்னும் அழுத்துவார், டிரம் சூடேறும், சூடேறிய லைனிங் பிடிக்காது. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் காலை எடுத்ததும் கிடைக்கும் பிடிப்பு பெட்ரோலை விடக் குறைவு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே 7.50-16 போட்டே தீருவேன் என்பவரின் வண்டியில் ஏற்கெனவே 4.88 இருந்தால், 5.38 மாட்டச் சொல்வேன். கணக்கு பழைய இடத்துக்கு வந்துவிடும். 5.38 இருந்தால் டயரைச் சின்னதாக்கச் சொல்வேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மாற்றும் வேலை பொறுமையைக் கேட்கும். கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை, ஒன்றைத் தனியாக மாற்ற முடியாது. பினியன் எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதை ஷிம் வைத்துச் சரிசெய்து, பேரிங்குக்கு ப்ரீலோடு கொடுத்து, பேக்லாஷை 0.15 மில்லிமீட்டர் அளவில் நிறுத்த வேண்டும். பிறகு பல்லில் மார்க்கிங் வண்ணம் பூசிச் சுற்றிப் பார்ப்போம். பலரும் முன்னோக்கி இழுக்கும் பக்கத்தில் தடம் பல்லின் நடுவில் விழுந்தால் போதும் என்று மூடிவிடுவார்கள். எஞ்சின் பிடிப்பில் இறங்கும்போது சுமை பல்லின் மறுபக்கத்தில் ஏறுகிறது. மலை வண்டிக்கு அந்த முகத்தின் தடத்தையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும். இறங்கும்போது மட்டும் ஆக்சில் ஊளையிட்டால் பெரும்பாலும் அங்கேதான் கோளாறு. புதுப் பல்லை எடுத்தவுடன் பாரமேற்றி மலைக்குக் கொண்டுபோகவும் கூடாது. சமவெளியில் நிதானமாகப் பழக்கி, சூடு ஆறவிட்டு, 90 ஆயிலை ஒரு முறை மாற்றிய பிறகு போகலாம்.

ஃபோர் வீல் ஜீப் என்றால் முன் ஆக்சிலிலும் பின் ஆக்சிலிலும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். பின்னால் மட்டும் மாற்றிவிட்டு லிவரைப் போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும், ட்ரான்ஸ்ஃபர் கேஸ்தான் உடையும். டயருக்கும் இதே விதி.

முன்சக்கரத்தால் ஓடும் கார்களில் இந்த விகிதம் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருப்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை, டயரை மட்டும் மாற்றுகிறார்கள். அங்கே நல்ல பாடம் கம்பெனியே தருகிறது. மாருதி ஸ்விஃப்டின் ஒரு மாடலில் 165/80 ஆர்14, விலை கூடிய மாடலில் 185/65 ஆர்15. ரிம் பெரிதாகிறது, டயர் அகலமாகிறது, ஆனால் மொத்த விட்டம் இரண்டுக்கும் சுமார் 62 செ.மீ. அகலத்தோடு விட்டத்தையும் கூட்டினால் வேறு தொல்லைகளும் வரும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் மட்கார்டில் உரசும், எடை கூடியதால் கிளம்புவதும் மந்தமாகும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. எனவே வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம்.

பழைய ஜீப் வாங்குபவர்கள் விற்பவர் சொல்லும் விகிதத்தை அப்படியே நம்ப வேண்டாம். சம தரையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். ஐந்தைத் தாண்டிக் கால் சுற்றுக்கு மேல் போனால் 5.38. ஐந்துக்குச் சற்று முன்னால் நின்றால் 4.88. அதைக் குறித்துக்கொண்டு டயர் கடைக்குப் போங்கள்.