எதிர் நாற்காலிக்காரருக்கு

அன்புள்ள பெரியவருக்கு,

உங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதில் உள்ளதை வரும் சனிக்கிழமை நானே வாயால் சொல்லிவிடுவேன். ஆனாலும் ஊரறியத் தமிழில் எழுதுகிறேன். எங்கோ ஒரு வீட்டில் ‘அட்வான்ஸ்டு ஸ்க்வாட் லீடர்’ என்ற போர்ப் பலகையாட்டத்தின் ஸ்டார்ட்டர் கிட் பெட்டியைப் பிரித்துவைத்துக்கொண்டு, யாரோடு ஆடுவது என்று தெரியாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். உங்களைப் போன்றவர்கள் இருப்பது அவருக்குத் தெரியவேண்டும்.

அந்தப் பெட்டியோடு நான் ஒரு வருடம் தனியாக இருந்தேன். வேலைக்காக ஓஹாயோ வந்த புதிது. சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, ஜெர்மானியருக்கும் நானே, அமெரிக்கருக்கும் நானே. ஓர் அறுகோணக் கட்டம் 40 மீட்டர் நிலம், ஓர் அட்டைக்காய் பத்துப் பேர் கொண்ட சிறு குழு. காயில் 4-6-7 என்று இருந்தால் சுடும் வலு 4, எட்டும் தூரம் 6 கட்டம், மனவுறுதி 7. இதெல்லாம் விதிநூலைப் படித்தே விளங்கிவிட்டது. ஆனால், என் காய்கள் எல்லாம் நகர்ந்து முடித்த பிறகுதான் எதிரி சுடலாம் என்று ஒரு வருடம் முழுக்க நினைத்து ஆடியிருக்கிறேன். தெருவைக் கட்டம் கட்டமாகக் கடக்கும்போதே சன்னலில் இருப்பவன் சுடலாம் என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். அது போனால் என்ன மிச்சம்? இரண்டு பக்கமும் நானே இருந்ததால், தப்பு என்று சொல்ல அந்த மேசையில் ஆளில்லை. முழு ஆட்டத்தில் வரும் கேள்விக்குறிக் காய்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் படை இருக்கிறதா, வெற்று அட்டையா என்று எதிராளிக்குத் தெரியக்கூடாது. வைத்தவனே எதிராளி என்றால் யாரிடம் ஒளிப்பது?

எங்கள் ஊரில் ஆடுபுலி ஆட ஆள் வேண்டுமானால் திண்ணைக்கு வந்தால் போதும். இங்கே எந்தத் திண்ணைக்குப் போவது என்று தெரியவில்லை. ஒரு குழுவைத் தேடிக் கண்டுபிடித்துப் போனேன். இரண்டு மணிநேரம் நின்று வேடிக்கை பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நல்லவர்கள்தான், ஆட்டத்தில் மூழ்கியிருந்தார்கள். ஆனால் உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பரணில் போட்டேன்.

அடுத்த வசந்தத்தில், ஒரு விளையாட்டுப் பொருள் கடையின் அறிவிப்புப் பலகையில் உங்கள் சீட்டைப் பார்த்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை, பின்னறை, புதியவர்கள் வரலாம், விதி தெரிந்திருக்க வேண்டாம். கடைசி வரிக்காகத்தான் வந்தேன். நான் கதவைத் திறந்ததும் நீங்கள் செய்த முதல் காரியம், உங்கள் நண்பரோடு பாதியில் நின்ற ஆட்டத்தை ஒதுக்கிவைத்து எனக்கு நாற்காலி இழுத்துப்போட்டது. அதை அவரும் ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார். அவருக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

அன்று நான் மூன்று குழுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெட்டவெளியில் நகர்த்தினேன். நீங்கள் பகடையைத் தொடவே இல்லை. “அந்தச் சன்னலிலிருந்து பாருங்கள், என்ன தெரிகிறது?” என்று கேட்டீர்கள். எழுந்து உங்கள் பக்கம் வந்து நின்று பார்த்தேன். மறைவில்லாத நிலம், அதில் நிமிர்ந்து ஓடும் முப்பது பேர். வெட்டவெளிக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று என்று சுடுபவருக்குச் சாதகமாகப் பகடையில் இரண்டு கழியும், அந்த ஒரே வீச்சு அடுக்கில் இருக்கும் மூன்று குழுக்களையும் தாக்கும் என்று அப்புறம்தான் சொன்னீர்கள். காயைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். முதல் மூன்று ஆட்டங்களில் எந்த நகர்வையும் திரும்ப எடுக்கலாம் என்பது உங்கள் வழக்கம். நான்காவது ஆட்டத்தில் கிடையாது என்பதையும் அன்றே சொல்லிவிட்டீர்கள். அந்தக் கண்டிப்புக்கும் நன்றி. நான்காவது ஆட்டத்தில்தான் என்னை நீங்கள் எதிராளியாக மதிப்பது தெரிந்தது.

உங்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். பையிலிருந்து ‘தி ஜெனரல்’ பழைய இதழ் ஒன்றை எடுத்துக் காட்டினீர்கள். பால்டிமோர் நகரின் அவலான் ஹில் நிறுவனம் 1964 முதல் நடத்திய பத்திரிகை. அதில் எதிராளி தேடுவோர் தரும் சிறு விளம்பரங்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. பள்ளிக்கூடப் பையனாக நீங்கள் அதில் ஒரு வரி போட்டு, வேறொரு மாநிலத்துப் பையனோடு தபாலில் ஆடியிருக்கிறீர்கள். தபாலில் பகடை எப்படி? எந்த நிறுவனப் பங்கு, எந்தத் தேதி என்று நகர்வோடு சேர்த்து முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். அந்த நாளின் பங்குச்சந்தைப் பக்கத்தில் வரும் விற்பனை எண்ணிக்கையின் கடைசி இலக்கம்தான் பகடை. முகம் பார்க்காத இருவர் ஒருவரை ஒருவர் நம்ப இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நம் ஆட்டத்தின் முன்னோடியான, ஜான் ஹில் வடிவமைத்த ‘ஸ்க்வாட் லீடர்’ 1977-இல் வந்தபோது, அதை முதலில் ஆடியதும் அதே தபால் நண்பரோடுதான் என்றீர்கள். இந்த முறை நேரில், எட்டு மணிநேரம் பஸ்ஸில் போய்.

1998-இல் நிறுவனம் ஹாஸ்ப்ரோவுக்கு விற்கப்பட்டது. பத்திரிகையும் அதோடு நின்றது. எதிராளி தேடும் பக்கம் போனாலும், எதிராளிகள் போகவில்லை. உங்களைப் போன்றவர்கள் பின்னறைகளைத் திறந்துவைத்திருந்தார்கள். இந்த ஆட்டத்துக்கென்றே 1986-இல் தொடங்கிய ‘ஆஸ்லாக்’ அக்டோபர் விழாவை இதே ஓஹாயோவில் நடத்தி வந்தார்கள். முதன்முறை என்னை அங்கே அழைத்துப்போனபோது, எல்லோரிடமும் “இவர் புதியவர்” என்று சொல்லாமல், “இவர் எங்கள் குழுவைச் சேர்ந்தவர்” என்று அறிமுகப்படுத்தினீர்கள். அந்த வாரம் ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றேன். வீடு திரும்பும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

ஒரு செய்தி. போன வாரம் ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவுப்பணி. எட்டு மாதமாகத் தனியாக ஆடுகிறாராம். எதிரி எப்போது சுடலாம் என்று கேட்டேன். நான் நினைத்ததையேதான் அவரும் நினைத்திருக்கிறார். வரும் சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்டார்ட்டர் கிட்டின் முதல் சண்டை, நார்மண்டியின் வியர்வில் கிராமம். அவருக்கு எதிரே நான் உட்காருகிறேன். நமது ஆட்டம் பாதியில் நிற்கும், நீங்கள் தப்பாக நினைக்கமாட்டீர்கள் என்று தெரியும். வரைபடத்தின் மேல் வைக்க அந்தக் கண்ணாடித் தகட்டை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சனிக்கிழமை எதிராளி