ஆலைக் கொட்டகையில் கேட்ட காதல்

எங்கள் பக்கம் பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தை விரிக்கும் முன்பே வயசைக் கேட்டுவிடுவார்கள். மாப்பிள்ளையைவிடப் பெண் ஒரு மாசம் மூத்தவள் என்று தெரிந்தாலும் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு வயசு ரொம்பக் கூடிப்போனால் ஊரே பேசும். அதே மனிதர்கள்தான், மூத்தவளிடம் மனசைப் பறிகொடுத்த ஒரு பையனின் பாட்டையும், அப்பன் வயசுக்காரரை நினைத்து உருகிய ஒருத்தியின் பாட்டையும், முகம் சுளிக்காமல் விடிய விடியக் கேட்டார்கள். அந்த ராத்திரிகளை நினைத்துத்தான் இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

பழனியிலிருந்து உடுமலை போகும் சாலையில், சண்முகநதியைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் நெய்க்காரப்பட்டி. தெற்கே மலை. திரும்பின பக்கமெல்லாம் கரும்பும் தென்னையும். கரும்பு இருக்கிற ஊரில் வெல்லம் காய்ச்சாமல் இருப்பார்களா? என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, தோட்டத்திலும் ஓர் ஆலைக் கொட்டகை இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். அதனால் ஆலை ஆட்டுவதும் ராத்திரியில்தான். பரீட்சை லீவில் அங்கேதான் கிடப்பேன்.

சாறு கொப்பரையில் விழும். சுண்ணாம்பு போட்டதும் அழுக்கு திரண்டு மேலே வரும், அதைச் சல்லடைக் கரண்டியால் வழித்து எறிவார்கள். பிறகு மஞ்சள் நுரை பொங்கும். அடுப்புக்காரர் சக்கையைத் தள்ளித் தள்ளித் தீயைக் கூட்டுவார். பதம் வந்ததா என்று பார்க்க, ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார். உருண்டால் சரி, உடனே கொப்பரையைச் சாய்த்துத் தொட்டியில் ஊற்றிவிடுவார்கள். கை பொறுக்கிற சூட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உருண்டை பிடிப்பார்கள். தூக்கம் வராமல் இருக்க ஒரே மருந்து பாட்டு.

மாமா குவைத்திலிருந்து கொண்டுவந்த நேஷனல் பேனசானிக் டேப் ரெக்கார்டர் கொட்டகை விட்டத்தில் தொங்கும். பழனியில் ஒரு ரெக்கார்டிங் கடையில், எந்தெந்தப் பாட்டு என்று தாளில் எழுதிக் கொடுத்து, டிடிகே கேசட்டில் பதிந்து வாங்கி வருவோம். செட்டும் கேசட்டும் ஜப்பான் என்பதில் அப்புச்சிக்கு அப்படியொரு பெருமை. நான் பிற்பாடு அந்த நாட்டுக்கே வேலைக்கு வந்து சேருவேன் என்று அவருக்குத் தெரியாது. கேசட்டின் ஒரு பக்கம் ‘அபூர்வ ராகங்கள்’, மறுபக்கம் ‘முதல் மரியாதை’.

‘அபூர்வ ராகங்கள்’ 1975இல் வந்தது. கே. பாலசந்தர் படம், ரஜினிகாந்துக்கு முதல் படம். பிரசன்னா என்ற இளைஞன், தன்னைவிட மூத்த பாடகி பைரவியை விரும்புகிறான். கமல்ஹாசனும் ஸ்ரீவித்யாவும் நடித்தார்கள். நிஜத்தில் அவர்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான், ஸ்ரீவித்யா ஒரு வருஷம் மூத்தவர். ஆனால் திரையில் அவருடைய கண்ணிலும் நிதானத்திலும் இருந்த முதிர்ச்சியைப் பார்த்தால் நம்ப முடியாது. இந்தப் படத்தின் பாட்டுக்காக வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது கிடைத்தது. அதில் எனக்கு மிகுந்த சந்தோஷம் உண்டு. ஆனாலும் நான் திரும்பத் திரும்பக் கேட்டது யேசுதாஸ் பாடிய ‘அதிசய ராகம்’தான்.

கண்ணதாசன் எழுதிய அந்தப் பாட்டுக்கு எம்.எஸ். விஸ்வநாதன் எடுத்துக்கொண்டது மகதி ராகம். பாலமுரளி கிருஷ்ணா உருவாக்கியது. ச, க, ப, நி, அவ்வளவுதான், நாலே சுரம். ராகமென்றால் ஐந்து சுரமாவது வேண்டும் என்பது பழைய கணக்கு. இலக்கணத்துக்கு வெளியே நிற்கிற ஒரு காதலுக்கு, இலக்கணத்துக்கு வெளியே நிற்கிற ஒரு ராகம். இதைவிடப் பொருத்தமாக வேறொன்றை யார் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியும்? பாட்டின் கடைசிப் பகுதி மகதியை விட்டு இறங்கி பைரவிக்கு வரும். அதுவரை எட்டி நின்று வியந்தவன், அங்கே அவள் பேரைக் கொண்ட ராகத்துக்குள்ளேயே வந்துவிடுகிறான். கொட்டகையில் ஒருவருக்கும் மகதி தெரியாது, பைரவி தெரியாது. ஆனால் அந்த இடம் வரும்போது உருண்டை பிடிக்கிற கைகள் கொஞ்சம் மெதுவாகும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

‘முதல் மரியாதை’ பத்து வருஷம் பிந்தியது, 1985. அது எங்கள் சனங்களுக்கு இன்னும் நெருக்கம். படத்தின் நாயகர் மலைச்சாமி மாதிரி ஊருக்கு நியாயம் சொல்லிவிட்டு வீட்டில் வாயைத் திறக்காத பெரியவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். பரிசல் தள்ளும் குயிலாக ராதா, மலைச்சாமியாக சிவாஜி. இயக்குநர் பாரதிராஜா அவர்களை அவ்வளவாகத் தொடவிடவில்லை. மீன் குழம்பு ஊற்றவிட்டார், இளவட்டக்கல்லைத் தூக்கவைத்தார். மிச்சத்தை இளையராஜாவிடம் விட்டுவிட்டார். சிவாஜிக்குப் பெரும்பாலும் டி.எம்.எஸ். குரலைக் கேட்டுப் பழகிய காது, மலேசியா வாசுதேவன் குரலை எப்படி அவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டது என்று இன்றும் வியக்கிறேன். அந்தக் குரலில் தழுதழுப்பு இருந்தது, ஆனால் அழுகை இல்லை. வைரமுத்துவுக்குத் தேசிய விருது முதன்முதலில் வாங்கித் தந்தவை இந்தப் பாட்டுகள்.

கேசட்டின் அந்தப் பக்கம் ஓடும்போது அப்புச்சி கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்காருவார். “சத்தத்தக் கொஞ்சம் கூட்டு சாமி” என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். உருண்டை பிடிக்கிறவர்களில் ஓர் அம்மா, எப்போதும் கண்டாங்கிச் சேலை கட்டியிருப்பவர், கேசட்டில் ஜானகி பாடி முடித்ததும் என் பக்கம் திரும்புவார். “ஏங்கண்ணு, அந்தக் குயிலுப் பாட்ட இன்னொருக்காப் போடேன்.” நான் ரீவைண்ட் பொத்தானை அமுக்குவேன். அவர் யாரை நினைத்துக் கேட்டார் என்று அங்கே ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் அந்தக் கொட்டகையின் மரியாதை. இத்தனை பேர் நடுவில் ஒருத்தி தன் மனசைத் தனியாக வைத்துக்கொள்ள இடம் இருந்தது.

இப்போது நான் இருப்பது தோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில். நம் ஆட்கள் நிறைய உண்டு, மளிகைக் கடையில் வெல்லமும் கிடைக்கும். ஒருமுறை அலுவலகத்தில் எல்லாரும் கராவோகே போனோம். ஓய்வு பெறப்போகும் ஒரு பெண்மணி மைக்கை வாங்கி ‘சென்செய்’ பாடினார். மோரி மசாகோ 1972இல், பதின்மூன்று வயசில், பாடி அறிமுகமான பாட்டு. வாத்தியாரிடம் மனசைக் கொடுத்துவிட்டுப் பிரியும் மாணவியின் முதல் காதல். அடுத்து இன்னொருவர் கேண்டீஸ் குழுவின் பாட்டை எடுத்தார், தன்னைவிடச் சின்னப் பையனைப் பற்றி ஒருத்தி துள்ளலோடு பாடுவது. அது வந்த வருஷம் 1975 என்று தெரிந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் பைரவி தன் காதலை வாய்விட்டுச் சொல்லத் தவித்துக்கொண்டிருந்த அதே வருஷம், இங்கே மூன்று பெண்கள் சிரித்துக்கொண்டே அதைப் பாடியிருக்கிறார்கள்.

நல்ல பாட்டுகள்தான், அவர்கள் பாடியதும் மனசாரத்தான். ஆனால் கதவைச் சாத்திய சின்ன அறையில் ஒருவர் பாட, மற்றவர்கள் அடுத்த பாட்டைத் தேட, எனக்கு நெய்க்காரப்பட்டி ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது. எங்கள் கொட்டகையில் ஒருவரும் பாடவில்லை. எல்லாரும் கேட்டார்கள், ஒரே நேரத்தில், ஒரே பாட்டை. புகை வாசத்திலும் பாகு வாசத்திலும் உட்கார்ந்து அப்படிக் கேட்க எனக்கு இன்னொரு ராத்திரி வேண்டும்.

சித்தி மகன் இன்னும் ஆலை ஆட்டுகிறான். “பாட்டுப் போடறீங்களா?” என்று போனில் கேட்டேன். “ஆளாளுக்கு ஒரு போனு வெச்சிருக்காங்கக்கா, காதுல மாட்டிக்கிட்டுத் தனித்தனியாக் கேக்கறாங்க” என்றான். பெரிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வருகிறேன், முதலில் ‘அதிசய ராகம்’, கடைசியில் ‘முதல் மரியாதை’, நடுவில் மோரி மசாகோவையும் ஒருதரம் போடலாம் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான். “அப்படின்னா தை மாசம் வராத. பொங்கலுக்கு முன்னாடி மண்டிக்கு வெல்லம் கேட்டு நெருக்குவாங்க. மார்கழியிலேயே வா, அப்பத்தான் ராத்திரியும் அடுப்பு எரியும்.”

மார்கழிக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.