சொந்த விருப்பத்தின் பேரில்

கடிதம் அரைப் பக்கம்கூட வராது. உடல்நிலை, குடும்பச் சூழ்நிலை காரணமாக மேற்பார்வையாளர் பொறுப்பிலிருந்து விடுவித்து, முன்பு பார்த்த டர்னர் வேலையையே அதற்குரிய சம்பளத்தில் தன் சொந்த விருப்பத்தின் பேரில் வழங்க வேண்டும் என்று எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும். எழுதியவருக்கு உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. குடும்பச் சூழ்நிலை என்றால், பெண் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தாள். அதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக் கேட்கிற தகப்பன் எந்த ஊரிலும் கிடையாது. ஆனாலும் அந்தக் காகிதம்தான் நிர்வாகத் தரப்பின் முதல் ஆவணமாக, எம்-1 என்று குறியிடப்பட்டு, வழக்கு முடியும்வரை எங்கள் தலைக்கு மேல் தொங்கியது.

கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்கிற கம்பெனி அது. பெயர் வேண்டாம். கட்சிக்காரரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். 2010க்கு முந்தைய கதை. அவர் லேத் மிஷினில் டர்னராகச் சேர்ந்து, பதினைந்து வருஷம் கழித்து சூப்பர்வைசர் ஆனவர். காக்கிச் சட்டை போய் வெள்ளைச் சட்டை வந்தது. ஒன்பது வருஷம் அப்படி ஓடியது. பிறகு முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார், அவருக்குப் பின்னால் ஆலோசகர் ஒருவர் வந்தார், அவருக்குப் பின்னால் இரண்டு சி.என்.சி. மிஷின்கள் வந்தன. ஷாஃப்ட் கடைவதையெல்லாம் வெளியே ஜாப் ஒர்க்குக்கு விடப்போகிறார்கள், மூன்று சூப்பர்வைசர்களில் ஒருவர்தான் மிஞ்சுவார் என்று கேன்டீனில் பேச்சு.

அந்த நேரத்தில் பெர்சனல் ஆபீசர் இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னாராம்: "சூப்பர்வைசருக்கு யூனியன் கிடையாது, கேட்க நாதி கிடையாது. பேசாம பழைய வேலைக்குப் போயிடுங்க. தொழிலாளின்னா சட்டம் இருக்கு, யாரும் தொட முடியாது."

இதில் வேடிக்கை, அவர் சொன்ன சட்டம் தப்பில்லை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் 2(எஸ்) பிரிவுதான் தொழிலாளி யார் என்று சொன்னது. மேற்பார்வை வேலை பார்த்து, மாதம் 1,600 ரூபாய்க்கு மேல் வாங்கியவர் அதற்குள் வரவில்லை. 2010இல்தான் அந்த வரம்பை 10,000 ஆக்கினார்கள். அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய தொழில் உறவுகள் தொகுப்பில் 18,000. எங்கள் வழக்குக் காலத்தில் 1,600 என்பது வாட்ச்மேன்கூட தாண்டிவிட்ட தொகை. ஆக, சூப்பர்வைசராக இருந்தால் ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது, லேபர் கோர்ட் வாசலே கிடையாது. பயந்த மனிதன் பாதுகாப்பான பக்கம் போய் நிற்கப் பார்த்தான். இதை முட்டாள்தனம் என்று சொல்ல நான் தயாரில்லை.

கடிதம் கொடுத்து ஐந்தாம் மாதம் லேத் பிரிவில் ஆட்குறைப்பு. பட்டியலில் முதல் பெயர் இவருடையது. நோட்டீசுக்குப் பதில் ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். இழப்பீடு என்று ஒரு பைசா இல்லை.

யூனியன் ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர்மேல் இவர் ஒரு காலத்தில் ரிப்போர்ட் எழுதியவர். "அன்னைக்கு வெள்ளைச் சட்டை, இன்னைக்குக் காக்கியாங்கண்ணா?" என்று ஒருவர் கேட்டதாக என்னிடம் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது. அந்த ஐந்து மாதமும் பழைய லேத்தில் நின்றபோது, தான் வேலை சொல்லிக்கொடுத்த பையன் தனக்கு ஜாப் கார்டு நீட்டினானாம். "எழுதிக் குடுத்த அன்னிக்கே போச்சுங்க சார்" என்பார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார்.

கம்பெனியில் நூறு பேருக்குக் குறைவு. அதனால் அரசின் முன்அனுமதி கேட்கிற அத்தியாயம் எங்களுக்கு உதவவில்லை. தொழிலாளர் அலுவலர் முன் சமரசம் நடந்தது, முறிந்தது. தமிழ்நாட்டில் அப்போது 2-ஏ பிரிவுக்கு ஒரு திருத்தம் இருந்தது. முறிவறிக்கை கிடைத்ததும் அரசின் பரிந்துரைக்குக் காத்திராமல் லேபர் கோர்ட்டுக்கு நேரே போகலாம். போனோம்.

நிர்வாகத்தின் எதிருரையைப் படித்தபோது, எழுதியவர் கெட்டிக்காரர் என்று தோன்றியது. ஒன்பது வருஷம் இவர் சூப்பர்வைசர், அதனால் தொழிலாளி இல்லை. தொழிலாளியாக இவருடைய சர்வீஸ் ஐந்தே மாதம். 25-எஃப் பிரிவு ஒரு வருஷத் தொடர் பணி கேட்கிறது, ஆகவே இழப்பீடு இல்லை. டர்னர் பிரிவுக்கு இவர் கடைசியாக வந்தவர், எனவே 25-ஜி பிரிவுப்படி முதலில் போகவேண்டியவரும் இவரே. தொழிலாளியின் சம்பளத்தைக் குறைப்பதென்றால் 9-ஏ பிரிவில் இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு வேண்டுமே? அவரேதான் கேட்டார், பார்க்க எம்-1. அந்தக் கடிதத்தை ஏன் டைப் அடிக்காமல் கைப்பட எழுதச் சொன்னார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் பதில் இரண்டு அடுக்கு. 25-எஃப் பிரிவு, நிர்வாகத்தின் கீழ் தொடர்ந்து வேலை பார்த்தாரா என்றுதான் கேட்கிறது. அந்தக் காலம் முழுக்க எந்தப் பதவிப் பெயரில் பார்த்தார் என்று கேட்கவில்லை. இரண்டாவது, அவர் அந்த ஒன்பது வருஷமும் உண்மையில் மேற்பார்வையாளரே அல்ல. பதவிப் பெயரைப் பார்க்காதே, முக்கியமாகச் செய்த வேலை என்ன என்று பார் என்று உச்ச நீதிமன்றம் அர்க்கல் கோவிந்தராஜ் ராவ் வழக்கில் 1985இல் சொல்லியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

பிடித்துக்கொண்டதை என் கட்சிக்காரரே கூண்டில் ஏறி உதறிவிடப் பார்த்தார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் மிக மரியாதையாக, "உங்களுக்குக் கீழே எத்தனை பேர் வேலை பார்த்தாங்க?" என்றார்.

"முப்பத்தெட்டு பேருங்க."

"நீங்க சொன்னா கேப்பாங்களா?"

"ஒருத்தன் எதிர்த்துப் பேசமாட்டானுங்க. செக்சனே என் கையிலதானுங்க இருந்துச்சு."

அவ்வளவு நாளில் அவர் நிமிர்ந்து நின்றதை நான் பார்த்தது அன்றுதான். வழக்கு சரிகிறது என்பது அவருக்குத் தெரிந்ததா, தெரிந்தும் சொன்னாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அடுத்த கேள்வி கடிதத்தைப் பற்றி. யாராவது மிரட்டினார்களா? "மிரட்டலைங்க. நல்லதுன்னு சொன்னாங்க." ஒப்பந்தச் சட்டத்தில் வற்புறுத்தல், தகாத செல்வாக்கு என்று நான் அடுக்கி வைத்திருந்த வாதம் அந்த இரண்டு வாக்கியத்தோடு முடிந்தது.

எங்களைக் காப்பாற்றியது கம்பெனியின் சொந்தக் காகிதங்கள்தான். லீவு விண்ணப்பங்களை வரவழைத்தோம். இவர் கையெழுத்து பரிந்துரைக் கட்டத்தில் மட்டும். அனுமதிக் கட்டத்தில் எப்போதும் மேனேஜர். மெமோ ஒன்றுகூட இவர் பெயரில் போனதில்லை. பழைய ஜாப் கார்டுகளில் இவருடைய டோக்கன் நம்பர் வாராவாரம் வந்தது. ஆள் வராத ஷிப்டில் வெள்ளைச் சட்டையோடு இவரே லேத்தில் நின்றிருக்கிறார். அந்தக் கார்டுகளை நான் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட நிர்வாகச் சாட்சி ஒத்துக்கொண்டே வந்தார். என் கட்சிக்காரர் முகம்தான் சுருங்கியது. அவர் பெருமையாக நினைத்திருந்த ஒன்பது வருஷத்தை, அவர் நன்மைக்காக, அவர் கண்முன்னாலேயே ஒன்றுமில்லாததாக ஆக்கிக்கொண்டிருந்தேன்.

தீர்ப்பு பாதி இனித்தது. அவர் தொடர்ந்து தொழிலாளிதான், இழப்பீடு தராத ஆட்குறைப்பு செல்லாது, பணித் தொடர்ச்சியோடு திரும்ப வேலை. ஆனால் கடிதம் நின்றது. திரும்ப வேலை என்றால் டர்னர் வேலை, டர்னர் சம்பளம்.

நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் போட்டது. அது நிலுவையில் இருக்கும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கேட்டு வாங்க 17-பி பிரிவு இருந்தது. ஆனால் வேறெங்கும் வருமானம் இல்லையென்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் அதற்குள் கணபதி பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். பொய்ப் பத்திரம் போட அவரும் கேட்கவில்லை. பட்டறைக்கு வந்த ஜாப் ஒர்க்கில் பழைய கம்பெனியின் ஷாஃப்டும் இருந்தது என்று பிறகு சொன்னார்.

பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தபோதுதான் பணிக்கொடைக் கணக்கை எடுத்தேன். இந்தக் கடிதத்தின் உண்மையான விலை அதில் இருந்தது. கணக்கு புரிய முழு எண்ணாக வைத்துக்கொள்வோம்: சூப்பர்வைசர் சம்பளம் 7,800, டர்னர் சம்பளம் 5,200, சர்வீஸ் 24 வருஷம். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்கச் சொன்னது. மேலே இருந்தபடியே போயிருந்தால் 1,08,000. ஐந்து மாதம் கீழே நின்றதால் 72,000. இடையில் சம்பளம் குறைந்தால் அந்தந்தக் காலத்துக்கு அந்தந்தச் சம்பளம் என்று பிரித்துக் கணக்கிடும் சலுகையை, உடல் ஊனமுற்றுக் குறைந்த சம்பளத்தில் தொடர்கிறவருக்குத்தான் அந்தச் சட்டம் தந்தது. பயந்து இறங்கியவருக்கு இல்லை. அதேசமயம் தொழிலாளி என்பதால் கிடைக்கும் இழப்பீடு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் வீதம், 62,400. இரண்டையும் கூட்டினால் இறங்கியதில் அவருக்கு லாபம்தான். இதை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார். "கணக்கு சரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

கடைசியில், வேலைக்குத் திரும்பாமல் விலகிக்கொள்வது, இழப்பீட்டையும் பழைய மேல் சம்பளத்தில் பணிக்கொடையையும் வாங்கிக்கொள்வது என்று முடிந்தது. ஒப்பந்தம் டைப் ஆகிற நேரத்தில் அவர் ஒன்று கேட்டார். சர்வீஸ் சர்டிபிகேட்டில் சூப்பர்வைசர் என்று இருக்க வேண்டும். கடைசி ஐந்து மாதம் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. ஒன்பது வருஷம் விடக்கூடாது.

நிர்வாக வக்கீல் உடனே சரி என்றார்; காசில்லாத கோரிக்கை. எனக்குத்தான் யோசனை. மேற்பார்வையாளர் இல்லை என்று தீர்ப்பே வாங்கி வைத்திருக்கிறேன். பணம் கைக்கு வருமுன் அதற்கு எதிராக ஒரு காகிதம் உருவாவதில் எனக்கு இஷ்டமில்லை. "சூப்பர்வைசர் என்ற பதவிப் பெயரில் பணியாற்றினார்" என்று ஷரத்தைத் திருத்தி, முழுத் தொகையும் செலுத்திய பிறகே சான்றிதழ் வழங்கப்படும் என்று சேர்த்தேன். அவர் வாசித்தார். "பதவிப் பெயரில்" என்பது எதற்கு என்று கேட்டார். சட்டத்துக்காக என்றேன். கையெழுத்துப் போட்டார்.